பழைய காரில் டர்போ ஏற்றும்போது பானெட்டுக்குள் எதை எங்கே மாட்டுவது

எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவை மாட்ட நினைக்கிற பலரும் முதலில் வாங்குவது அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத்தான். பளபளவென்று இருக்கும், கிரில்லுக்குப் பின்னால் வெளியே தெரியும், ஆசை யாரை விட்டது. ஆனால் பானெட்டுக்குள் எது எங்கே உட்காரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்குகிற குழாய்தான் தீர்மானிக்கிறது, அதற்கு அடுத்தபடி சூடு. இந்த இரண்டையும் முடித்துவிட்டு மற்றதை மிச்சமிருக்கும் இடத்தில் நுழைத்துக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் வெல்டிங் செய்த பைப்பை அறுப்பதும் மறுபடி ஒட்டவைப்பதுமாகவே நாள் போகும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற சோதனை) பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக்குகள் எல்லாம் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து. சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால் டர்போவை ஓரமாக வைத்துவிட்டு எஞ்சினைப் பாருங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற ஏற எஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸுக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தம் டர்போவின் ஆயிலைத் திரும்பி இறங்கவிடாது. அந்த எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது) என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25:1 விகிதத்தோடு டர்போ மாட்டி விற்பனைக்கு வந்த கார். நாக் (கலவை தப்பான நேரத்தில் தானாக வெடிப்பது) ஆகாமல் இருக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே பீய்ச்ச வேண்டியிருந்தது, தொட்டி காலியானால் பூஸ்ட்டைக் குறைக்க ஒரு தனி ஏற்பாடும் இருந்தது. இன்றைக்கு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ இருக்கிறது என்றாலும், விகிதம் அதிகமென்றால் பூஸ்ட்டைக் குறைவாகத்தான் வைக்க முடியும்.

அளவெடுக்கும் முன்னால் எஞ்சின் மவுண்டிங்குகளை மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் அமுங்கி எஞ்சின் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும், அந்த நிலையில் எடுத்த அளவெல்லாம் பின்னால் புது மவுண்டிங் போட்ட அன்றைக்கே தப்பாகிவிடும். அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) டர்போவையும் கேஸ்கெட்டோடு, இரண்டு மூன்று நட்டு மட்டும் போட்டு, தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். டர்போவின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் எவ்வளவு இடைவெளி என்று களிமண்ணே சொல்லிவிடும். கடப்பாரையால் எஞ்சினை முன்னும் பின்னும் நெம்பியும் பாருங்கள், நிற்கிற எஞ்சினுக்கும் உதறுகிற எஞ்சினுக்கும் வித்தியாசம் நிறைய. பாட்டரி குறுக்கே நின்றால் அதை டிக்கிக்கு மாற்றுவதுதான் சுலபமான வழி, ஆனால் அந்த நீளமான கேபிளுக்குப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டாக வேண்டும், தகட்டில் நுழைகிற ஓட்டைகளில் எல்லாம் ரப்பர் வளையமும் இருக்க வேண்டும்.

சரி, இனி டர்போவைத் திருப்பி நிறுத்துகிற வேலை. நடுப்பகுதியில் ஆயில் உள்ளே போகும் துளை மேலேயும் வெளியே வரும் துளை கீழேயும் பார்க்க வேண்டும், வெளியே வரும் பக்கம் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. புகை பக்கத்து டர்பைன் ஹவுசிங்கையும் காற்று பக்கத்து கம்ப்ரெஸர் ஹவுசிங்கையும் போல்ட்டுகளைத் தளர்த்தி வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தளர்த்தும்போது ஹவுசிங் கோணலாகச் சாய்ந்து இறக்கைகளில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெஸர் பக்கத்தைத் திருப்பினால் பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டை இயக்குகிற ஆக்சுவேட்டரின் பிராக்கெட்டும் கூடவே திரும்பிவிடும். அந்தக் கம்பி நேராக இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்தால் வேஸ்ட்கேட் சிக்கிக்கொள்ளும், எனவே பிராக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டி வரலாம்.

இப்போது ஆயில் இறங்கும் குழாய். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகிற ஆயில் வெளியே வரும்போது நுரைத்துப்போய், எந்த அழுத்தமும் இல்லாமல் தன் கனத்தாலேயே வழிகிறது. அதனால் குழாயின் உள்விட்டம் குறைந்தது 12 மில்லிமீட்டர், இடம் இருந்தால் 16. வழியில் ஒரு இடத்திலும் மேலே ஏறக்கூடாது, தொங்கி வளைந்து மறுபடி ஏறுகிற பள்ளமும் கூடாது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் சேரும் இடம் உள்ளே நிற்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சம்ப்பைக் கழற்றாமல் அப்படியே துளை போட்டு, கிரீஸ் தடவிய டிரில் பிட் துகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கழற்றி, துளையிட்டு, இணைப்பு முனையை வெல்டிங் செய்து, கழுவி மாட்டுங்கள். புது டர்போ மாட்டிய காரில் ஐட்லிங்கில் நீலப் புகை வந்தால் டர்போ சீல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த சீல் என்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன வளையம்தான், தேங்கி நிற்கிற ஆயிலைத் தடுக்க அதனால் முடியாது. பெரும்பாலும் குற்றம் இறங்கும் குழாயில் இருக்கும்.

உள்ளே போகும் ஆயிலை எஞ்சின் பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலிருந்து டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுப்பது வழக்கம். ஆனால் பித்தளை டீயின் நுனியில் கனமான சென்சாரைத் தொங்கவிட்டால் அதிர்விலேயே டீ உடைந்து ஆயில் பீறிடும், சென்சாரைத் தனி ஹோஸில் பாடியில் மாட்டிவிடுங்கள். பால் பேரிங் டர்போ என்றால் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள, ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் வேண்டும், சாதாரண ஜர்னல் பேரிங்குக்குப் பொதுவாக வேண்டாம். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்து வரும் ஒரு இழை போதும், பேரிங்குக்குப் போகிற வழி அடைத்துவிடும். டர்போவில் தண்ணீர்க் குழாய்க்கு இடம் இருந்தால் அதையும் கட்டாயம் இணையுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறிச் சுழலும்படி குழாய்கள் சீராக மேல்நோக்கிப் போனால்தான் அதனால் பலன்.

எக்ஸாஸ்ட் பக்கம் சுருக்கமாக. மேனிஃபோல்டின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், ஸ்டட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போடுங்கள், சிலிக்கோன் பசை எதுவும் அங்கே நிற்காது. டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாயான டவுன்பைப்பின் எடையை டர்போ சுமக்கக்கூடாது, கியர்பாக்ஸிலிருந்து ஒரு தாங்கலும் அதன் பிறகு வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் துண்டும் வேண்டும். காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா சென்சாருக்கான முனையை டர்பைனுக்குப் பின்னால் வெல்டிங் செய்யுங்கள், சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்து, நுனி கீழே பார்க்கும்படி. இல்லாவிட்டால் குளிர்ந்த குழாயில் சேரும் தண்ணீர் அதைக் கொன்றுவிடும்.

சூட்டைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் கிளட்ச் குழாயும் டர்பைன் பக்கமே இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் இழுத்துவிட்ட ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். பழைய காரில் எந்த வருடத்து ஆயில் கிடக்கிறதோ, முதலில் அதை மாற்றுங்கள். இரண்டு, துணிப்பட்டை சுற்றுவதைவிடத் தகட்டுத் தடுப்பையே நான் விரும்புவேன். இரண்டு பக்கமும் காற்று ஓட ஒரு விரல் இடைவெளி விட்ட வெறும் தகடு நிறையச் சூட்டைத் தடுக்கும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் பட்டையை இறுக்கிச் சுற்றினால் விரிசல் விடலாம், பட்டையில் ஆயில் ஊறினால் தீப்பிடிக்கும். பெட்ரோல் ஹோஸ், வயரிங் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பி விடுங்கள், பல வருடம் ஓடிய வயரின் பிளாஸ்டிக் ஏற்கெனவே உலர்ந்து நொறுங்குகிற நிலையில்தான் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு இன்டர்கூலர். 25 டிகிரிக் காற்றை 0.7 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், கம்ப்ரெஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட 95 டிகிரியில் வெளியே வரும், ஆகவே இது அலங்காரம் இல்லை. ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் அதை நிறுத்தும்போது ஓரங்களை ஃபோம் வைத்து அடைக்காவிட்டால் காற்று இரண்டையும் சுற்றிக்கொண்டு போய்விடும், எஞ்சின் சூடாகும். பைப் 50 முதல் 63 மில்லிமீட்டர் போதும். முனைகளில் மேடு உருட்டியிருக்க வேண்டும், வழவழப்பான முனையிலிருந்து ஹோஸ் பிய்த்துக்கொண்டு கழன்றுவிடும். ஏர் ஃபில்டரை டர்பைனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இன்டர்கூலர் வேலை செய்யவில்லை என்று புலம்பக்கூடாது.

பலர் கோட்டைவிடுவது சின்ன ஹோஸ்களில். அதுவரை வாக்குவம் மட்டுமே பார்த்த இன்டேக் மேனிஃபோல்டில் இனிமேல் அழுத்தம் வரும், அதில் சொருகியிருக்கும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் தொட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். கிரான்க்கேஸின் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி குழாயில் ஒருவழி வால்வு வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் நேராகக் கிரான்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். பிரேக் பூஸ்டரின் வால்வை வாயால் ஊதிப் பார்த்து இரண்டு பக்கமும் காற்று போனால் மாற்றுங்கள். வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கம்ப்ரெஸர் வெளிவாயிலிருந்து தனியாக, வேறு எதற்கும் கிளை பிரிக்காமல், கிளாம்ப் போட்டுக் கொண்டுபோங்கள். அது கழன்றால் ஆக்சுவேட்டருக்கு எதுவும் தெரியாது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் ஹோஸும் மேனிஃபோல்டிலிருந்துதான் வர வேண்டும். 3 பாரில் நிற்கிற பெட்ரோல் அழுத்தம் 0.7 பார் பூஸ்ட்டுக்கு எதிராகப் பீய்ச்சினால் நிஜத்தில் 2.3 பார்தான், லோடு அதிகமாக இருக்கும் நேரத்தில் பெட்ரோல் குறையும். ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் த்ராட்டில் மூடும்போது தேங்கும் பூஸ்ட்டை விடுவிக்கும் புளோ-ஆஃப் வால்வு காற்றை வெளியே விடாமல் டர்போவின் முன்வாயிலுக்கே திருப்ப வேண்டும், அளந்த காற்று வெளியே போனால் கலவை கெடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் 1 பார் மேப் சென்சார் பூஸ்ட்டைப் பார்க்காது, குறைந்தது 2 பார் வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில்.

ஸ்டார்ட் செய்யும் முன்னால் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கையால் தண்டைச் சுற்றிவிட்டு, குழாயை மாட்டுங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு ஆயில் பிரஷர் காட்டும் வரை கிரான்க் செய்யுங்கள். இன்டேக் குழாய்களுக்குள் நீங்கள் வைக்கப்போகும் பூஸ்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் காற்றேற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஐட்லிங்கில் மட்டும் விட்டு, ரெவ் ஏற்றாமல், ஆயில் லீக், தண்ணீர் லீக் இரண்டையும் டார்ச் வைத்துத் தேடுங்கள். நன்றாகச் சூடாகி முழுக்க ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், இன்னொரு முறை சூடாகி ஆறிய பிறகும். டியூனிங் முடியும் வரை பூஸ்ட் கன்ட்ரோலரை இணைக்காமல் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் பூஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் சம்ப்பில் வெல்டிங் துகள் மிச்சமிருந்ததா என்று தெரிந்துவிடும்.