ஓமாஹா வேட்டை அம்பு: குச்சியும் நாரும்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மிசூரி ஆற்றை ஒட்டி வாழும் ஓமாஹா மக்கள் குதிரைமேல் ஓடியபடியே காட்டெருமையை அம்பெய்து வேட்டையாடியவர்கள். வில்லுக்கு ஆஷ், ஹிக்கரி போன்ற மரங்கள். அம்புக்கு டாக்வுட் செடியின் இளங்கிளை. எய்தது குறியில் படுமா என்பதைப் பெரும்பாலும் குச்சிதான் தீர்மானிக்கிறது. அதனால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில், சாறு இறங்கியிருக்கும்போது, சுண்டுவிரல் பருமனில் கணு குறைந்த கிளைகளாக 75 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கட்டாக இறுக்கிக் கட்டி நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் நுனி வெடிக்கும். தேவைக்கு மேல் 10 செ.மீ. மிச்சம் விடுவது அப்படி வெடித்த நுனியை நறுக்கித் தள்ளத்தான்.

பட்டை உரித்து, வளைந்த இடத்தில் கொழுப்பைத் தடவி, தணலுக்கு மேலே காட்டுங்கள். கை பொறுக்காத சூடு வந்ததும் எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். பாதியில் விட்டால் பழைய கோணலுக்கே போய்விடும். கருகவிட்டால் அந்த இடத்திலேயே முறியும். பிறகு பள்ளம் வெட்டிய இரண்டு மணற்கற்களுக்கு நடுவே வைத்துச் சுழற்றி இழுத்து, 8 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். 65 செ.மீ.க்கு நறுக்குங்கள். தடித்த முனை அலகுக்கு (அம்பின் கூர்முனைக்கு), மெலிந்தது நாணுக்கு.

கட்டுவதற்கு மானின் முதுகுத் தசைநார். காய்ந்த நாரைத் தட்டினால் இழை இழையாகப் பிரியும். ஓர் இழையை வாயில் போட்டுக் குதப்பினால் வழவழப்பாகி, தன் பசையிலேயே ஒட்டும், முடிச்சே தேவையில்லை. காயும்போது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஈரம் பட்டால் அதே நார் தளரும் என்பதால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாண் பள்ளம் 5 மி.மீ. ஆழம் போதும். அதற்குக் கீழே ஒரு செ.மீ. நார் சுற்றாவிட்டால் எய்யும்போது குச்சி பிளக்கும். வான்கோழி இறகை நடுத்தண்டோடு பிளந்து, 15 செ.மீ. துண்டுகள் மூன்றை இரு முனையிலும் கட்டுங்கள். மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். கலந்தால் அம்பு தள்ளாடும்.

இரும்பு அலகை 2 செ.மீ. பிளவில் செருகிக் கட்டுங்கள். வேட்டை அலகின் தோள் (அடி மூலை) குச்சியை நோக்கிச் சரிந்திருந்தால் உருவி எடுத்து மறுபடி எய்யலாம். கொக்கி வைத்தது போருக்கானது. கடைசியாக உங்கள் வண்ணக்குறியைத் தீட்டுங்கள். விழுந்த எருமை யாருடையது என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள்.