மீன் வயிற்றில் உருளைப்புழு: வேலூர் சமையலறையிலேயே தேடிப் பார்ப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்தால், வயிற்றைக் கீறிக் குடலை ஒரே இழுப்பில் வாளியில் போட்டுவிடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது முழுக்க அந்த வாளிக்குப் போய்விடும். வேலூரில் கடல் இல்லைதான். ஆனால் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனுக்குள் இருக்கும் புழு ஐஸ் குளிரில் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. அதனால் இங்கேயும் உயிரோடு பார்க்க முடியும்.

முதலில் மீன். கானாங்கெளுத்தி நாலைந்து, கிடைத்தால் ஒரு வாளை. "வெட்ட வேண்டாம் அண்ணா, முழுசா அப்படியே கொடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். மீன் செத்த பிறகு சில புழுக்கள் குடல் பக்கமிருந்து சதைக்குள் நகர்ந்துவிடும்.

அடுத்து உப்புத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீருக்கு நாலரை கிராம் உப்பு, அளந்தே போடுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரில் விட்டால் புழு தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், சமயத்தில் வெடித்தும் போகும். நான் எடுத்த முதல் புழுவை இப்படித்தான் இழந்தேன். இன்னும் மனசில் இருக்கிறது. கையுறை, கூர்மையான கத்தரி, சின்ன இடுக்கி, கறுப்புத் தாளின் மேல் வைத்த கண்ணாடிக் கிண்ணம், இவ்வளவு போதும்.

மலத்துளையில் தொடங்கித் தலைப்பக்கமாக, கத்தரி நுனியை மேலாகப் பிடித்து வெட்டுங்கள். குடல் கிழியக் கூடாது. திறந்ததும் எதையும் இழுக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள். ஈரல் மேல், இரைப்பையின் வெளிப்புறத்தில், குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வில், துவரம்பருப்பு அளவில் குட்டிக் கொசுவர்த்திச் சுருள் மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அதுதான் நாம் தேடுவது. பெரும்பாலும் அனிசாக்கிஸ் கூட்டத்தைச் சேர்ந்த இளம்புழுவாக இருக்கும்.

சுருளை மெதுவாகப் பிரித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விடுங்கள். சிறிது நேரத்தில் அவிழும். நீட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும். மண்புழு மாதிரி சுருங்கி நீண்டு ஊராது. உடம்பில் நீளவாட்டுத் தசை மட்டுமே இருப்பதால் வளைந்து வளைந்து துள்ளும். எனக்கு இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அனிசாக்கிஸுக்கு மீன் கடைசி வீடும் இல்லை. திமிங்கிலம், டால்பின் வயிற்றில்தான் அது முதிர்ந்து முட்டையிடும். முட்டை கடலில் கலந்து, பொரிந்து, இறால் வகைச் சிற்றுயிர்களுக்குள் போய், அவற்றைத் தின்னும் மீனுக்குள் வந்து, இப்படிச் சுருண்டு காத்திருக்கிறது.

பட்டையாக இருந்தால் அது நாடாப்புழு. மூக்கில் முள் வரிசை இருந்தால் முள்தலைப்புழு. அசையாத வெள்ளை இழை நரம்பாகவோ ரத்தக்குழாயாகவோ இருக்கலாம். களவான் மீனின் சினைப்பையில் சிவப்பு நூலாகத் தெரிந்தால் அது ஃபிலோமெட்ரா என்ற வேறு உருளைப்புழு. லேசாகத் தொட்டாலே கிழிந்துவிடும், ஜாக்கிரதை.

பத்திரப்படுத்த, கொதிக்கக் காய்ந்த உப்புத் தண்ணீரைப் புழு மேல் ஊற்றுங்கள், நேராக நீண்டு செத்துவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். மைக்ராஸ்கோப் இருந்தால் ஆல்கஹாலோடு கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, லேசாக மூடிச் சில நாள் விடுங்கள். ஆல்கஹால் ஆவியானதும் உடம்பு கண்ணாடியாகத் தெளியும். வாய் நுனியில் துளைக்கும் ஒற்றைப்பல், வால் நுனியில் குட்டி முள், உணவுக்குழலும் குடலும் சேரும் இடத்தில் நீளமான ஒரு கட்டி, மூன்றையும் தேடுங்கள்.

சரி, அந்த மீனைச் சாப்பிடலாமா? தாராளமாக. சதையின் நடுப்பகுதி 60 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் வெந்தாலே புழு செத்துவிடும், நம் குழம்பு அதைவிட எவ்வளவோ அதிகம் கொதிக்கிறது. தடித்த வறுவல் துண்டு மட்டும் முள்ளை ஒட்டி நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால்தான் கடுமையான வயிற்றுவலி வரலாம். செத்த புழுவால்கூட அலர்ஜி வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். குடலைப் பூனைக்குப் பச்சையாகப் போடாதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, மீன் பெயர், நீளம், எந்த உறுப்பில் எத்தனை புழு என்று எழுதுங்கள். பத்து மீனில் மூன்றில் இருந்தால் தொற்று 30 சதவீதம். புழுவே இல்லாத மீனையும் விடாமல் எழுதுங்கள். அதை விட்டால் இந்தக் கணக்கே வராது.