மார்தொன்வாஷார் பீத்தோவன் கச்சேரிகள்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் மார்தொன்வாஷார் என்ற சிற்றூர். பீத்தோவனுக்கு நட்பான ப்ருன்ஸ்விக் பிரபுக் குடும்பத்தின் மாளிகை, அதைச் சுற்றிப் பூங்கா, பூங்காவுக்குள் ஏரி, ஏரி நடுவே ஒரு குட்டித் தீவு. 1958 முதல் கோடையில் அந்தத் தீவில்தான் பீத்தோவன் கச்சேரிகள் நடக்கின்றன. பெரும்பாலும் ஜூலை மாதம், சனிக்கிழமைகளில்.

தீவு என்பதை மறந்துவிட்டு, நகரத்து அரங்குக்குக் கிளம்புவதுபோல் கிளம்புவதுதான் முதல் தவறு. மரத்தடியில், திறந்தவெளியில் உட்காரப்போகிறீர்கள். ஜூலையில் அங்கே சூரியன் மறைய எட்டேகால் மணிக்கு மேல் ஆகிவிடும். பகல் வெயிலை நம்பி அரைக்கை சட்டையோடு போனால் இரண்டாம் பாதியில் குளிரும். மரமும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் கொசு இல்லாமல் இருக்குமா? மெதுவான பகுதியில், வயலின்கள் காதோரம் பேசுவதுபோல் வாசிக்கும்போது, பக்கத்து நாற்காலியில் பளாரென்று ஒரு அடி விழும். முழுக்கால் சட்டையும் கொசுக் களிம்பும் போதும். குச்சிக் குதிகால் செருப்பு புல்தரையில் புதையும்.

அடுத்தது நேரம். இதில் நான் நன்றாகவே பட்டிருக்கிறேன். டிக்கெட் வைத்திருந்த நண்பர் “ஃபேல் ஹேட்” மணிக்கு வாசலில் நிற்பேன் என்றார். ஃபேல் என்றால் அரை, ஹேட் என்றால் ஏழு. ஆக ஏழரை என்று எடுத்துக்கொண்டேன். ஹங்கேரியர்கள் சொல்வது ஏழாவது மணியில் பாதி, அதாவது ஆறரை. நான் போய்ச் சேர்ந்தபோது கச்சேரி தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. சனிக்கிழமையும் அதுவுமாக ஏழரை பிடித்த கதை. கால், முக்காலுக்கும் இதே கணக்குதான்: “நெட்யெத் ஹேட்” ஏழேகால் அல்ல, ஆறேகால், “ஹாரொம்நெட்யெத் ஹேட்” ஆறே முக்கால். டிக்கெட்டில் 19.00 என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்புங்கள். வாய்வார்த்தையை எண்ணில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள்.

டிக்கெட்டில் ‘ஷோர்’ வரிசை எண், ‘ஸேக்’ நாற்காலி எண். இரண்டையும் மாற்றிப் படித்து அடுத்தவர் இடத்தில் உட்காருகிறவர்கள் உண்டு. மழைக்கு மாற்று நாள் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்த மாலையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புடாபெஸ்டின் டேலி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. போகும் ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான பிழை. தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அதற்கு நேரம் கூடுதலாகும். ‘போட்லோபுஸ்’ என்ற சொல் அறிவிப்பில் இருந்தால் கவனியுங்கள்.

மாளிகையைப் பார்த்து, “இந்த ஜன்னலருகேதான் பீத்தோவன் நின்றிருப்பார்” என்று உருகாதீர்கள். இன்றைய கூர்மாடக் கோலம் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தது; அவர் 1827-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ‘மூன்லைட்’ என்ற பியானோ சொனாட்டாவை இந்தக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு எழுதியதாகச் சொல்பவர்களும் உண்டு. அது அவர்களுடைய உறவுப் பெண் ஜூலியெட்டா குவிச்சார்டிக்குச் சமர்ப்பணம். தெரேஸ் ப்ருன்ஸ்விக்குக்குக் கிடைத்தது 24-ஆம் சொனாட்டா. அவருடைய தம்பி ஃப்ரான்ஸுக்கு ‘அப்பாஷனாட்டா’. மாளிகையிலேயே பீத்தோவன் அருங்காட்சியகம் இருக்கிறது. கச்சேரி நேரத்துக்குப் போய் இறங்கினால் அது மூடியிருக்கும், மதியமே போய்விடுங்கள்.

கைதட்டல் கடைசி. சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே தட்டக்கூடாது என்பது தெரிந்தவர்கள்கூட, இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாறுவார்கள். ஐந்தாம் சிம்பொனியில் நான்கு பகுதிகள், ஆனால் மூன்றாவது நிற்காமல் நான்காவதுக்குள் ஓடிவிடும். ஆறாவதில் கடைசி மூன்றும் ஒரே ஓட்டம். இசைக்குழுவை நடத்துகிறவரின் கை இறங்குவதைப் பாருங்கள். பிறகு தட்டத் தொடங்கினால், சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பிக்கும். இதற்கு ‘வொஷ்டொப்ஷ்’, இரும்புக் கைதட்டல், என்று பெயர். சலிப்போ கேலியோ என்று நினைத்து எழுந்து ரயிலுக்கு ஓடாதீர்கள். பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு துண்டு வாசித்தாலும் வாசிப்பார்கள்.