கிளப்பு செஸ் ஆட்டத்த அலசுறது எப்படி: எஞ்சின தொறக்குறதுக்கு முன்னாடி பென்சில எடுங்க

ஞாயித்துக்கெழம காலைல பசியாறிட்டு பாலாய் ராயாவுக்கு (ஊர் பொது மண்டபம்) வந்து ரெண்டு ஆட்டம் ஆடிட்டு, மத்தியானம் கடையில தே தாரிக் சொல்லிட்டு உக்காந்த உடனே எங்க ஆளுங்க எல்லாரும் பண்ற மொத வேல ஃபோன எடுத்து ஆட்டத்த தட்டி எஞ்சின, அதாவது ஒவ்வொரு நகர்வும் நல்லதா கெட்டதான்னு கணக்கு போடுற புரோகிராம, ஓட விடுறது தான். சிவப்பா ரெண்டு கேள்விக்குறி வரும், "ஓ இங்க தான் போச்சா"ன்னு சொல்லிட்டு ஃபோன மூடிருவாங்க, தே தாரிக் ஆறுறதுக்குள்ள அலசல் முடிஞ்சிரும். அடுத்த வாரம் அதே தப்பு, அதே ஆளு.

நான் இருக்குறது மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னு தான் சொல்லுவாங்க, சுத்தி செம்பனைத் தோட்டம். பெரிய கோச் எல்லாம் கோலாலம்பூர்ல இருக்காங்க, இங்க வாராவாரம் வந்து சொல்லிக் குடுக்க ஆள் கெடையாது. அதனால நாம ஆடுன ஆட்டம் தான் நமக்கு வாத்தியார். 1948ல உலகச் சாம்பியனான போத்வின்னிக் காலத்துலேர்ந்து பெரிய ஆளுங்க சொல்றதும் இதான், ஒன்னோட ஆட்டத்த நீயே அலசு. ஆனா எப்படி அலசுறதுன்னு யாரும் ஒக்காந்து சொல்லித் தர்றதில்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஸ்கோர் ஷீட்டு, ஆடுறப்பவே நகர்வ எழுதுற தாள். அது சரியில்லன்னா மத்தது எல்லாம் வீண். நகர்வ எழுதுறதோட நிறுத்தாம பக்கத்துலயே கடிகாரத்துல எவ்வளவு மிச்சம்னும் நிமிஷத்துல எழுதுங்க, நாலஞ்சு நகர்வுக்கு ஒரு தடவ போதும். இத ஏன் சொல்றேன்னா, வீட்டுக்குப் போனப்பறம் "இந்த நகர்வுக்கு நான் ரொம்ப யோசிச்சேன்"னு நமக்கே ஒரு நெனப்பு வரும், தாள பாத்தா அர நிமிஷம் கூட யோசிச்சிருக்க மாட்டோம். தப்பு நடந்த எடத்துல நேரம் எவ்வளவு போச்சுங்கறது பாதி பதில சொல்லிரும்.

எங்க கிளப்புல ஆளுக்கு 60 நிமிஷம், இன்கிரிமென்ட், அதாவது ஒவ்வொரு நகர்வுக்கும் கூட்டிக் குடுக்குற நேரம், கெடையாது. அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போயிட்டா எழுத வேண்டியதில்லன்னு விதி இருக்கு, அதனால ஆட்டத்தோட கடைசிப் பகுதி, அதாவது பெரும்பாலும் ஜெயிக்கிறது தோக்குறது முடிவாகுற பகுதி, தாள்ல இருக்காது. அத முடிஞ்ச ஒடனே எதிராளியோட ஒக்காந்து நெனவுக்குக் கொண்டு வந்து எழுதிருங்க. ராத்திரி வரைக்கும் விட்டா மறந்துரும், நான் பல ஆட்டத்த இப்படி தொலைச்சிருக்கேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

நம்ம ஊருக்கே உள்ள ஒரு பிரச்சன இன்னொன்னு. தாள்ல எழுதுற எழுத்து. இங்கிலீஷ்ல கே போட்டா ராஜா, ஆர் போட்டா யானை. ஆனா மலாய்ப் பேர்ல பழகுன ஆளுங்களுக்கு கே ன்னா குடா, அதாவது குதிரை, ஆர் ன்னா ராஜா. நாம யானைன்னு சொல்றது மூலையில நிக்கிற காய, மலாய்ல கஜான்னு சொல்றது பிஷப்ப. மந்திரின்னு சொன்னா எங்க பெரியவங்க சிலருக்கு பிஷப்பு, மலாய்க்காரருக்கு அது ராணி. ஒரு தடவ ஒரு பையனோட தாள வச்சு ஒரு மணி நேரம் தட்டிப் பாத்தேன், பதினோராவது நகர்வுல ராஜா ரெண்டு கட்டம் தாண்டி குதிக்குது, எப்படி சாத்தியம்னு தலைய பிச்சிக்கிட்டேன், கடைசில பாத்தா அது குதிரை. அதனால பசங்களுக்கு மொத நாளே ஒரே முறைய பழக்கிருங்க, எம்எஸ்எஸ்டி போட்டிக்கு (மாவட்டப் பள்ளிகள் போட்டி) போறப்பயும் அது ஒதவும்.

அடுத்தது, ஆட்டம் முடிஞ்ச ஒடனே எதிராளியோட ஒரு பத்து நிமிஷம். இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, இத விட்டுட்டா பாதி பாடம் போச்சுன்னு நெனைக்கிறேன். தோத்தவரு மொதல்ல பேசட்டும், ஜெயிச்சவரு கேக்கட்டும், அது ஒரு மரியாத. "நான் இப்படிப் போட்டிருந்தா நீ செத்திருப்ப"ன்னு ஆரம்பிக்காதீங்க. அதுக்குப் பதிலா "எந்த எடத்துல என்ன நெனச்சு பயந்தீங்க?"ன்னு கேளுங்க.

எங்க கிளப்புல ஒருத்தர், முன்ன தோட்டத்துல கிராணியா (கிளார்க்கு) இருந்தவரு, எல்லாரும் கிராணி ஐயான்னு தான் கூப்பிடுவோம். அவர்கிட்ட தோத்துட்டு ஒரு நாள் கேட்டேன், "ஐயா, நான் எங்க ஐயா தப்பு பண்ணேன்?" அவரு போர்ட பாக்கவே இல்ல. "தம்பி, இருவதாவது நகர்வுல ஒன் குதிரைய நான் வெட்ட வருவேன்னு நீ பின்னாடி எடுத்துட்ட. நான் வெட்டவே வந்திருக்க மாட்டேன் லா, வெட்டுனா என் ராணி மாட்டிக்கும். நீ இல்லாத புலிக்கு பயந்துட்ட." எஞ்சின் இத எனக்கு சொல்லியிருக்காது. அது குதிரை பின்னாடி போனதுக்கு மதிப்பு 0.6 (ஒரு சிப்பாய் 1ன்னு வச்சா) கொறஞ்சுதுன்னு மட்டும் சொல்லும், பயந்தேன்னு சொல்லாது.

இப்ப வீட்டுக்கு வந்தாச்சு. குளிச்சு சாப்ட்டு ஒக்காருங்க, ஃபோன தூர வைங்க. போர்டு, ஸ்கோர் ஷீட்டு, பென்சிலு, ஒரு நோட்டு. ஆட்டத்த மொதல்லேர்ந்து நகத்திக்கிட்டே வாங்க, எல்லா நகர்வுக்கும் எழுத வேணாம். மூணு எடத்துல மட்டும் நில்லுங்க: ஓப்பனிங்ல, அதாவது ஆட்டத்தோட தொடக்கத்துல, நமக்குத் தெரிஞ்சது முடிஞ்சு நாமளே யோசிக்க ஆரம்பிச்ச எடம், காய மாத்திக்கலாமா வேணாமான்னு முடிவெடுத்த எடம், "இனி நான் ஜெயிச்சாச்சு" இல்ல "இனி போச்சு"ன்னு மனசுல பட்ட எடம். அங்க என்ன யோசிச்சீங்களோ அத அப்படியே எழுதுங்க, இப்ப தெரிஞ்சதச் சேக்காதீங்க. "எதிராளி என்ன பண்ணுவாருன்னு பாக்கல"ன்னா அப்படியே எழுதுங்க. நம்ம ஆட்டத்துல பாதிக்கு மேல தப்பு அந்த ஒரு வரி தான்.

அதுக்கப்பறம் நீங்களே பதில் தேடுங்க, ஒரு எடத்துக்கு ஒரு பதினஞ்சு நிமிஷம். தப்பா கண்டுபிடிச்சாலும் பரவால்ல. குகேஷோட ஆரம்ப கால கோச் விஷ்ணு பிரசன்னா, ரொம்ப நாளைக்கு அவர எஞ்சின் இல்லாமத்தான் பயிற்சி பண்ண வச்சாரு. அந்தப் பையன் தான் 2024 டிசம்பர்ல பக்கத்துல சிங்கப்பூர்ல திங் லிரென ஜெயிச்சு உலகச் சாம்பியன் ஆனாரு. எஞ்சின் கெட்டதுன்னு நான் சொல்லல, தானா யோசிக்கிற தசை மொதல்ல வளரணும்.

இப்ப எஞ்சின தொறக்கலாம். லீசெஸ்னு ஒரு செஸ் வெப்சைட் போதும், காசு கெடையாது, ஸ்டாக்ஃபிஷ்ங்கற எஞ்சின் அதுலயே ஓடும். ஆட்டத்த தட்டிப் போட்டுட்டு ஒரு வரிக்குப் பதிலா மூணு வரி (எஞ்சின் நல்லதுன்னு சொல்ற நகர்வுத் தொடர்) காட்டுற மாதிரி வச்சுக்குங்க. மொத வரிக்கும் மூணாவது வரிக்கும் வித்தியாசம் கொஞ்சம் தான்னா அந்த எடத்துல எத போட்டாலும் ஒண்ணுதான், விட்டுட்டு மேல போங்க. மொத வரி மட்டும் நல்லா இருந்து மத்தது எல்லாம் தோல்வின்னா, அது தான் ஒக்கார வேண்டிய எடம். நம்ம அளவு ஆட்டத்துல 0.4, 0.7 எல்லாம் பாத்து கவலப்படாதீங்க, எஞ்சின் வரையுற மதிப்புக் கோடு ரெண்டு புள்ளிக்கு மேல ஏறி எறங்குற எடத்த மட்டும் பாருங்க. துல்லியம் எத்தன சதவீதம்னு வர்ற நம்பர நோட்டுல எழுதவே எழுதாதீங்க, பசங்க அத மார்க்கு மாதிரி எடுத்துக்கிறாங்க, சுலபமான ஆட்டத்துல அது தானாவே மேல போகும்.

எஞ்சின் காட்டுற எடமும் உண்மையான தப்பும் ஒரே எடத்துல இருக்காது, இத ஒரு ஆட்டத்த வச்சே காட்டுறேன், என்னோட ஆட்டம். கடைசில ஆளுக்கு ஒரு யானை, எனக்கு மட்டும் ஈ2ல (கட்டத்தோட பேரு, எழுத்து நெடுக்கு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை) ஒரு சிப்பாய் கூட. என் ராஜா ஈ4, அவரு ராஜா ஈ6க்குப் பக்கத்துல. யானைய மாத்திக்கிட்டா ஜெயம்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். மாத்துறதுக்கு முன்னாடி, அவரு என்ன பண்றாருன்னு பாப்போம்னு சும்மா சிப்பாய ஈ2லேர்ந்து ஈ3க்கு ஒரு கட்டம் தள்ளுனேன். அப்பறம் ஈ6ல யானைங்க மாறுச்சு, அவரு ராஜா திருப்பி வெட்டி ஈ6ல நின்னுச்சு, என் ராஜா ஈ4லயே, என் முறை. டிரா.

போர்ட வச்சுப் பாருங்க. என் ராஜா ஈ4, சிப்பாய் ஈ3, அவரு ராஜா ஈ6, ஆட வேண்டியது நான். சிப்பாய்க்கு முன்னாடி என் ராஜா நிக்குது, அதனால அத தள்ள முடியாது. ராஜாவ டி4க்கு கொண்டு போனா அவரு டி6, எஃப்4 போனா அவரு எஃப்6, எங்க போனாலும் நேருக்கு நேரா வந்து வழிய மறிப்பாரு. இப்ப சிப்பாய ஈ2ல வச்சுப் பாருங்க, மத்தது எல்லாம் அதே. ஈ3ன்னு ஒரு நகர்வு கைல இருக்கு. அத போட்டா ஆட வேண்டியது அவரு, ராஜாவ நகத்தித்தான் ஆகணும், டி6 போனா நான் எஃப்5, எஃப்6 போனா நான் டி5, உள்ள பூந்துருவேன், சிப்பாய் ராணி ஆயிரும். ஒரு கட்டம் தான் வித்தியாசம்.

எஞ்சின் எங்க கேள்விக்குறி போட்டுச்சு தெரியுமா? யானைய மாத்துன எடத்துல. ஏழு காய் வரைக்கும் லீசெஸ்ல டேபிள்பேஸ், அதாவது எல்லா நிலைக்கும் முடிவு ஏற்கனவே கணக்கு போட்டு வச்ச பட்டியல், இருக்கு, அது ஜெயம் டிரான்னு நேராவே சொல்லிரும், அதுலயும் மாத்துறதுக்கு முன்ன ஜெயம், மாத்துனப்பறம் டிரா. ஈ3க்கு எந்தக் குறியும் இல்ல, ஏன்னா யானை இருக்குற வரைக்கும் ஜெயிக்க வேற வழி இருந்துச்சு. எஞ்சின மட்டும் பாத்திருந்தா "யானைய மாத்தக் கூடாது"ன்னு தப்பான பாடத்த கத்துட்டுப் போயிருப்பேன். என் நோட்டுல நான் எழுதி வச்சிருந்தது "மாத்துறேன்னு முடிவு பண்ணிட்டேன், அதுக்கு முன்ன சும்மா ஒரு நகர்வு". அந்த சும்மா தான் தப்பு. சிப்பாய் ஆட்டமா எறங்கப் போறோம்னு தெரிஞ்சா, எறங்குனப்பறம் யாரு முறைன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் கைய வைக்கணும், கைல உள்ள ஒதிரி நகர்வ செலவு பண்ணக் கூடாது.

சிங்கப்பூர்ல அந்தக் கடைசி ஆட்டத்துலயும் இதே ஜாதி தப்பு தான். திங் லிரென் 55வது நகர்வுல யானைய எஃப்2ல வச்சாரு, குகேஷ் யானைய மாத்துனாரு, அடுத்து பிஷப்பையும் மாத்த வச்சாரு, மிச்சம் வெறும் சிப்பாய் ஆட்டம், திங் தோல்விய ஒத்துக்கிட்டு கை குடுத்துட்டாரு. பட்டம் 7.5க்கு 6.5. அத நேரலைல பாத்தப்ப எனக்கு என் ஈ3 தான் ஞாபகம் வந்துச்சு.

ஓப்பனிங்க பத்தி கொஞ்சமா சொல்லிட்டுப் போறேன், ஏன்னா நம்ம ஆளுங்க அதுக்குத்தான் எல்லா நேரத்தையும் செலவு பண்றாங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டா போதும்: நமக்குத் தெரிஞ்சது முடிஞ்ச எடத்துக்கு அடுத்த நகர்வு என்ன. ஸ்கூல் பசங்க எல்லாம் பிஷப்ப சி4ல வச்சு குதிரைய ஜி5க்கு கொண்டு வந்து எஃப்7ல குறி வைப்பாங்க, நாம டி5 தள்ளுவோம், அவங்க சிப்பாயால வெட்டுவாங்க, ஒடனே நம்ம பையன் குதிரையால திருப்பி வெட்டுவான், அவங்க எஃப்7ல குதிரைய பலி குடுத்து ராஜாவ வெளிய இழுத்துருவாங்க. வழக்கமா ஆடுறது குதிரை ஏ5. அத மட்டும் எழுதி வச்சுக்கிட்டு நிறுத்திக்குங்க, இருவது நகர்வு மனப்பாடம் வேணாம்.

இப்ப நோட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடைசியா ஒரு வரி எழுதுங்க, பெரிய தப்பு எதனால வந்துச்சுன்னு, என்ன நகர்வுன்னு இல்ல. பாக்கல, பாத்தேன் ஆனா கணக்கு தப்பு, அவசரம், பயம், தெரியாது. இந்த அஞ்சுல ஒண்ணு. பத்து ஆட்டம் ஆனப்பறம் எண்ணிப் பாருங்க. எனக்கு பயமும் அவசரமும் தான் வந்துச்சு, தெரியாதுங்கறது ரொம்பக் கம்மி. அது வரைக்கும் நான் எனக்கு தியரி பத்தலன்னு நெனச்சுக்கிட்டு வீடியோ மேல வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன். "பாக்கல" அதிகமா வந்தா தினம் பத்து பஸிள் போடுங்க, வேகமா இல்ல, போர்டுல காய வச்சு. "அவசரம்"னா நகர்வ மனசுல முடிவு பண்ணுங்க, கைய தொடைக்குக் கீழ வைங்க, எதிராளியோட செக்கு, வெட்டு, மெரட்டல் மூணையும் ஒரு தடவ பாத்துட்டு அப்பறம் காயத் தொடுங்க.

ரெண்டு மூணு பேரா சேந்து பண்ணா இன்னும் நல்லது. லீசெஸ்ல ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஆட்டத்துக்கு ஒரு அத்தியாயம்னு போட்டு கிளப்பு ஆட்டத்த எல்லாம் ஒரே எடத்துல சேத்து வைக்கலாம், எழுத்துல குறிப்பும் போடலாம், தமிழ்லயே போடுங்க, பசங்க படிப்பாங்க. தோத்தவங்க ஆட்டத்த போடுறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டுருங்க.

கடைசியா ஒரு வேல, இத பெரும்பாலும் யாரும் பண்றதில்ல. அலசி முடிச்ச அந்த ஒரு நிலைய போர்டுல வச்சு, கடிகாரத்துல பத்து பத்து நிமிஷம் போட்டு, இன்னொருத்தரோட மறுபடி ஆடுங்க, அப்பறம் பக்கம் மாத்தி ஆடுங்க. என் யானை ஆட்டத்த நான் கிராணி ஐயாவோட அப்படித்தான் ஆடுனேன், கடையில, கோப்பி ஓ கிளாஸ ஓரம் தள்ளிட்டு. மொத ரெண்டு தடவையும் ஜெயிக்கிற பக்கத்த வச்சுக்கிட்டே டிரா பண்ணேன். மூணாவது தடவ சிப்பாய ஈ2லேர்ந்து தொடல, யானைய மாத்துனேன், அவரு ராஜா ஈ6ல வந்து நின்னதுக்கப்பறம் தான் ஈ3 தள்ளுனேன். ஐயா கொஞ்ச நேரம் போர்டையே பாத்துட்டு ராஜாவ சாச்சு வச்சுட்டு, "சரி, இப்ப நான் வெள்ள"ன்னு போர்ட திருப்பினாரு.