பாட்டியின் மஞ்சள் தோடு: சிற்றுருவப் படங்களைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த வீடுகளில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் உள்ளங்கையளவு ஸ்டூடியோப் படம் ஒன்றாவது கிடக்கும். அதில் கோட்டுடன் நிற்பவரைக் கண்டதுமே வசதியானவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். எங்கள் தாத்தாவின் படத்தில் கோட்டுக் கை விரல் நுனிவரை இறங்கியிருக்கிறது, காலில் செருப்பில்லை. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது.

சிறிய உருவப்படத்தால் தகுதியைக் காட்டும் வழக்கம் கேமராவுக்கு மூத்தது. நிக்கலஸ் ஹில்லியர்ட் 1572இல் வரைந்த முதலாம் எலிசபெத் அரசியின் படம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரமே கொண்டது. 1616இல் முகலாயப் பேரரசர் ஜகாங்கீர், ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுக்குத் தம் உருவம் பொறித்த பொற்பதக்கத்தை வழங்கினார். இத்தகைய படங்களில் இருப்பவரின் பெருமையை மட்டும் பார்த்துவிட்டு, அதை அணிந்துகொள்ளும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் விடுவது பெரிய பிழை. அரசரின் முகம், அணிந்தவரின் அந்தஸ்தையே ஊருக்கு அறிவித்தது.

சிற்றுருவப் படத்தைக் குறிக்கும் மினியேச்சர் என்ற ஆங்கிலச் சொல், 'சிறியது' என்ற பொருளிலிருந்து பிறந்தது என்று நினைப்பதும் தவறு. ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளுக்கு வண்ணமிடப் பயன்பட்ட ஈயச் செந்தூரத்தின் லத்தீன் பெயரான மினியம் என்பதிலிருந்து வந்த சொல் அது.

1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு பிழைப்பிழந்த சிற்றுருவ ஓவியர்கள் பலர், புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கினர். அந்தத் தூரிகை வேலை எங்கள் ஊர் ஸ்டூடியோ வரை வந்து சேர்ந்தது. பாட்டியின் படம் கறுப்பு வெள்ளை. தோடு மட்டும் மஞ்சள், அதிலும் ஒரு துளி விளிம்பைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்திருக்கிறது. அசல் தோடு அன்று அடகுக் கடையில் இருந்ததாகப் பாட்டியே சொல்வார். அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் துடைத்திருந்தால் அந்தத் தோடும் போயிருக்கும்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அன்றைய மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948இல் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வந்தது. அதிலுள்ள முகமே உண்மை, ஸ்டூடியோப் படம் வெறும் வேஷம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வேஷத்திலும் ஒருவரின் விருப்பம் பதிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் மீட்க முடியாத தவறு, பின்புறத்தில் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டுவது. தாத்தாவின் படத்துக்குப் பின்னால் பென்சிலில் அவருடைய மாமனாரின் பெயரும் நாமக்கல் பக்கத்துக் கிராமத்தின் பெயரும் எழுதியிருந்தன. அஞ்சலில் போகாமலே இங்கே தங்கிவிட்ட அந்தப் படத்தில், கோட்டு யாருக்காகப் போடப்பட்டது என்பது அதைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.