விளையாட்டுக்கு நடுவே ‘இது என்ன கலர்?’

எங்கள் மழலையர் வகுப்புக்குப் புதிதாக வந்த இரண்டு ஆசிரியைகளை இந்த மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே சொதப்பல்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில். கத்தக் கூடாது, மிரட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

விளையாட்டைப் பரீட்சையாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நானே இதில் கைதேர்ந்தவளாக இருந்தேன் என்பதுதான் காரணம்.

நான்கு வயதுப் பையன் ஒருவன் மரக்கட்டைகளை வைத்துப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தூண், மேலே ஒரு பலகை. பலகை எட்டவில்லை, விழுந்தது. ஒரு தூணைக் கொஞ்சம் நகர்த்தினான். மறுபடி விழுந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இது என்ன கலர்?” “சிவப்பு.” “எத்தனை கட்டை இருக்கு?” “அஞ்சு.” “இது வட்டமா, சதுரமா?” அவன் பதில் சொல்லாமல் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டான். எனக்கோ இரண்டு சரியான பதில் வாங்கிய திருப்தி!

சிவப்பு அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, இந்தப் பலகைக்குத் தூண்கள் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பது. நீளத்தையும் இடைவெளியையும் கண்ணாலும் கையாலும் அளந்துகொண்டிருந்தவனை நான்தான் கிளப்பிவிட்டேன்.

எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு புதிய பொம்மைக்குள் பல வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. “இதோ பார், இப்படித்தான் இது வேலை செய்யும்” என்று ஒன்றை மட்டும் சில குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வேறு சிலர் முன்னால், அதே வேடிக்கை தற்செயலாக நடந்ததுபோல நடித்தார்கள். சொல்லிக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் சீக்கிரமே பொம்மையை விட்டுவிட்டார்கள், மற்ற வேடிக்கைகளையும் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். டீச்சர் காட்டியதோடு சரி, அப்புறம் இதில் ஒன்றும் இல்லை என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது.

இப்போதெல்லாம் முதல் இரண்டு நிமிடம் வாயைத் திறப்பதில்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்றால், “தூணை நகர்த்திப் பார்க்கிறியே” என்று அவன் செய்வதையே சொல்வேன். பத்தாவது தடவையும் விழுந்து அழுகை முட்டினால், நீளமான பலகை ஒன்றை அருகே நகர்த்தி வைப்பேன், அவ்வளவுதான். “சும்மா உட்கார்ந்திருக்கீங்களே” என்று ஒருமுறை மேலிடத்தில் கேட்டார்கள். அன்றிலிருந்து கையில் ஒரு நோட்டு. குழந்தை என்ன செய்தது என்று எழுதுகிறேன். சும்மா இருப்பதாக இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

படம் வரைந்ததற்கு ஸ்டிக்கர்

ஆசையாகச் செய்வதற்குக் கூலி கொடுக்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனையில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்.

ஓரமாக நிற்பவளைக் கூட்டத்தில் தள்ளுவது

வேடிக்கை பார்ப்பதையும் விளையாட்டு வகைகளில் ஒன்றாக, குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே எழுதிவிட்டார். நிற்கட்டும்.

பொம்மைகளைக் கொட்டி வைப்பது

பாதியை எடுத்து உள்ளே வையுங்கள்.

பதினைந்து நிமிட ‘விளையாட்டு பீரியட்’

யார் டாக்டர், யார் நோயாளி என்று சண்டை தீரவே பத்து நிமிடம் ஆகும். ஊசி தயாராகும்போது மணி அடித்துவிடுகிறது.