நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: எத்தனை தடவை என்பதைத் தீர்மானிக்கும் முறை

வன்னியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் ஏ9 வீதியால் வடக்கே தெல்லிப்பழைக்கோ தெற்கே மகரகமவுக்கோ போகவேண்டியிருப்பதால், "எத்தனை நாள் போகவேண்டும்?" என்பதே வீட்டாரின் முதற் கேள்வியாகிவிடுகிறது. வைத்திய நிபுணரிடம் அதற்கு முன்னர் கேட்கவேண்டியது, இந்தச் சிகிச்சை நோயை மாற்றுவதற்கா அல்லது உபாதையைத் தணிப்பதற்கா என்பதே. அந்தப் பதில் தெரியாமல் நாட்களை எண்ணுவதில் பொருளில்லை.

தணிப்பதற்கே எனில், குறுகிய அட்டவணையைக் கேட்கத் தயங்க வேண்டாம். சளியில் இரத்தம், மூச்சுமுட்டு, நெஞ்சுநோ ஆகியவற்றுக்கு ஒரே தடவையில் 10 கிறே (கிறே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு), ஒரு வார இடைவெளியில் இரு தடவையாக 17 கிறே, ஐந்து தடவையாக 20 கிறே என்பன வழக்கிலுள்ளன. பகலில் பாதிக்குமேல் படுக்கையில் கழிப்பவருக்கு இவற்றிலும் நீண்டது தேவைப்படுவது அரிது. எனினும், ஓரளவு திடமாக நடமாடுபவர்களிடம் 13 தடவையாக 39 கிறே கொடுத்து, இரு தடவை அட்டவணையுடன் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வொன்றில், இடைநிலை உயிர்வாழ்வு, அதாவது பாதிப்பேர் உயிருடனிருந்த காலம், 7 மாதத்திலிருந்து 9 மாதமாகக் கூடியது. அதற்கு ஈடாக விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே எரிவும் கூடியது. அந்த இரண்டு மாதத்தின் பெறுமதியை நோயாளியே சொல்லவேண்டும், பிள்ளைகள் அல்ல.

நோயை மாற்றுவதற்கு எனில், தூரத்தை முன்னிட்டு நாட்களைக் குறைக்கச் சொல்லக்கூடாது. கட்டி சிறியதாக, நுரையீரலின் ஓரத்தில், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்து, சத்திரசிகிச்சைக்கு உடல் இடங்கொடாவிட்டால், மிகத் துல்லியமாகக் குறிவைத்து 3 முதல் 8 தடவைகளில் முடிக்கும் முறை உண்டு. மூச்சோடு அசையும் கட்டியைத் தொடரும் வசதி அதற்கு அவசியம். மார்பின் நடுவிலுள்ள கணுக்களுக்கும் பரவியிருந்தால், 60 கிறேயை 30 தடவையாக ஆறு வாரங்களில், உடலுக்கு இயலுமெனில் கீமோவுடன் சேர்த்துக் கொடுப்பதே வழமை. 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 74 கிறே பெற்றவர்கள் கூடுதலாக வாழவில்லை. எனவே அளவைக் கூட்டித் தரும்படி வற்புறுத்துவதால் பயனில்லை. பிரித்தானியாவில் பரவலாகக் கையாளப்படும் நான்கு வார அட்டவணை, அதாவது 20 தடவையாக 55 கிறே, தமக்குப் பொருந்துமா என்று தொலைவிலிருந்து வருபவர்கள் விசாரிப்பது நியாயமானது.

நுரையீரல் புற்றுநோயின் இன்னொரு வகையான சிறுகல வகை மார்பின் ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருந்தால், நாளுக்கு இருமுறை, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில், 30 தடவையாக 45 கிறே மூன்று வாரத்தில் கொடுக்கப்படும். இதற்கு வைத்தியசாலையிலோ அருகிலோ தங்கவேண்டும். இயலாதவர்களுக்கு நாளொருமுறை 33 தடவையாக 66 கிறே மாற்றுவழியாகலாம். 2017 இல் வெளியான ஒப்பீட்டாய்வில் இரண்டுக்குமிடையே உயிர்வாழ்வில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

சிகிச்சைக்காலத்தின் பிற்பகுதியில் எஞ்சிய புற்றுக்கலங்கள் விரைந்து பெருகுவதால், மாற்றுவதற்கான சிகிச்சையில் தவறும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே சாதகமாகும். வற்றாப்பளைப் பொங்கலோ காலபோக அறுவடையோ குறுக்கிடுமெனில் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். தவறிய நாளை அன்றே அறிவித்தால், நாளுக்கு இருமுறை கொடுத்தோ சனிக்கிழமையில் கொடுத்தோ ஈடுசெய்ய வழியிருக்கும்.

ஒன்று அல்லது இரண்டு தடவை அட்டவணையில், பெரிய அளவு கிடைத்த முதல் 24 மணிநேரத்தில் சிலருக்கு நெஞ்சுநோவும் நடுக்கத்துடன் காய்ச்சலும் வருவதுண்டு. ஆகவே அன்று மாலையே முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறாமல், துணைக்கு ஒருவருடன் ஓர் இரவு அருகில் தங்குவது நல்லது.